தூக்குக்குண்டும் அக்காவின் முதுகும்

நம் வயதுக்காரர் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால், கதை எங்கே தொடங்கினாலும் இப்போதெல்லாம் எலும்பில்தான் போய் நிற்கிறது. கலியாண வீட்டில் சாப்பாட்டுக்குக் காத்திருக்கையில் முழங்கால். செத்த வீட்டில் கதிரையை இழுத்துப் போடுகையில் இடுப்பு. போன கிழமை என்னோடு படித்த ஒருவன் கோயில் வாசலில் தன் கழுத்துப் பட்டியைத் தட்டிக் காட்டி, "தேய்மானமாம்டா" என்றான், ஏதோ பட்டம் வாங்கி வந்தவன் மாதிரி. உங்களுக்கெல்லாம் இது புதுப் பாடம். எனக்கு அப்படியில்லை. என் உடம்புக்குள் எலும்பு இருப்பதைப் பன்னிரண்டு வயதிலேயே கண்டுபிடித்து, அதற்காகச் சாகவும் ஆயத்தமானவன் நான்.

அது அக்காவுக்கு வீடு கட்டத் தொடங்கிய வருடம். கச்சான் காற்று வாவித் தண்ணீரை வற்றவைத்து, வாய்க்குள் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த காலம். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பெண் பிள்ளைக்குத்தான் வீடு. ஆண் பிள்ளை எங்கே கலியாணம் முடிக்கிறானோ அங்கே போய்க் கிடக்கவேண்டியவன். அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவள் பெரிய பிள்ளையானதுமே அப்பா எங்கள் வீட்டு வளவின் கிழக்குப் பக்கத்தில், வாவியைப் பார்த்த மாதிரி, அத்திவாரம் வெட்டிவிட்டார். மாப்பிள்ளை எந்தத் திசையில் இருக்கிறான் என்றே தெரியாது. அவன் வந்து கால் கழுவப்போகும் இடம் வரைக்கும் கோடு கீறியாயிற்று.

அப்பாவுக்குத் தபால் கந்தோரில் வேலை. முத்திரையைக்கூடக் கோணலாக ஒட்டமாட்டார். கட்ட வந்தவர் ஏறாவூர் மேசன். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற வழக்கப்படி நாங்கள் அவரைக் காக்கா என்போம். காக்காவின் பையில் நான் கண்வைத்த சாமான் ஒன்று இருந்தது. மாதுளம்பிஞ்சு அளவில், அடி கூராக, ஒரு பித்தளைக் குண்டு. அதன் தலையில் நூல். நூலை மேலே பிடித்துக் குண்டைத் தொங்கவிட்டால், ஆடி ஆடி அடங்கி ஓரிடத்தில் நிற்கும். சுவர் அந்த நூலோடு ஒத்துப்போனால் நேர், விலகினால் கோணல். தூக்குக்குண்டு என்பார்கள்.

அடுப்படிக் குசினியின் பின்சுவர் ஒரு நூலளவு விலகிவிட்டதென்று அப்பா இடித்துப் போடச் சொன்னது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

"ஐயா, இந்தச் சுவர ஆரு பாக்கப் போறா? பின்னால வாழைதான் நிக்கப் போகுது" என்றார் காக்கா.

"வாழை பார்க்கும். இடி காக்கா. என்ட மகள் சாகும்மட்டும் இருக்கப்போற வீடு."

சுவர் விழுந்தது. காக்கா வாய்க்குள் எதையோ முணுமுணுத்தபடி மறுபடி கல்லடுக்கினார்.

அதே தவணையில்தான் எங்கள் பள்ளிக்கூடத்து விஞ்ஞான அறையின் அலுமாரி திறந்தது. உள்ளே மெய்யான எலும்புக்கூடு. யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. உச்சந்தலையில் கொக்கி, இடது கையில் இரண்டு விரல் இல்லை. முன்னே படித்துப் போனவர்கள் ஞாபகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று பேச்சு. யன்னலால் காற்று வந்தால் தாடை டக்டக்கென்று அடிக்கும், நாங்கள் பாடம் ஒப்புவிப்பதைக் கேட்டுச் சிரிக்கிற மாதிரி.

விஞ்ஞானம் படிப்பித்த சேர் அடிமட்டக் கோலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். மண்டையோடு. தோளுக்கும் நெஞ்சுக்கும் நடுவே காறை எலும்பு. முதுகில் செட்டை மாதிரித் தோட்பட்டை. விலா எலும்பு பன்னிரண்டு சோடி. கடைசி இரண்டு சோடி முன்னால் ஒன்றிலும் முட்டாமல் அந்தரத்தில் நிற்கும். கழுத்திலிருந்து கீழே மணிமாலை மாதிரிக் கோத்துக் கிடப்பது முள்ளந்தண்டு.

"பிறக்கேக்க முந்நூறு மட்டில எலும்பு. வளர்ந்தாப் பிறகு இருநூற்று ஆறு" என்றார்.

"மிச்சம் எங்க சேர் போச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்டோட ஒண்டு ஒட்டிட்டுது. ராவைக்குப் படுத்துக்கிடந்து தடவிப் பாருங்க, எல்லாம் கையில தட்டுப்படும்."

அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. வகுப்பில் மற்றவர்கள் வீட்டுக்குப் போய்ப் பந்தடித்தார்கள். நான் தடவினேன்.

முதலில் அகப்பட்டது கழுத்தின் பின்னே, கொலர் முட்டும் இடத்தில், ஒரு முடிச்சு. குனிந்தால் இன்னும் பெரிதாகிறது. கொம்பு முளைக்கிறதென்று முடிவுசெய்து அம்மாவிடம் ஓடினேன். அம்மா எண்ணெய் தடவிவிட்டார். மறுநாள் தலையின் பின்பக்கத்தில் ஒரு மேடு. அதற்கும் எண்ணெய். முள்ளந்தண்டின் அடியில் இருக்கும் சின்ன எலும்புகள் வால் இருந்த இடம் என்று சேர் சொன்னதும், கொஞ்ச நாள் ஒரு பக்கமாகச் சரிந்தே வகுப்பு வாங்குப் பலகையில் இருந்தேன். வளர்கிற வாலை நசுக்கக் கூடாதல்லவா.

உச்சம் மணலை மீன் சாப்பிட்ட அன்றைக்கு வந்தது. சாப்பிட்டு மல்லாந்து படுத்தபடி நெஞ்சைத் தடவுகிறேன். நெஞ்செலும்பு முடிகிற இடத்தில், வயிற்றுக்கு மேலே, கூராக ஒன்று குத்திக்கொண்டு நிற்கிறது.

"அம்மா, நெஞ்சுக்க முள்ளு நிக்குது!"

"எந்த முள்ளு?"

"மணலை முள்ளு. இஞ்ச, தொட்டுப் பாருங்க."

அம்மா தொட்டுப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. வெறும் சோற்றை உருண்டை பிடித்து மெல்லாமல் விழுங்கச் சொன்னார். பிறகு வாழைப்பழம். பிறகு மறுபடி சோறு. முள் இறங்கவில்லை, வயிறுதான் ஏறியது. நான் இயேசு, மரி, சூசை என்று எல்லாரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டு, என் கண்ணாடிக் குண்டுகள் முழுதையும் அக்காவுக்கு எழுதிவைத்தேன். அப்பா என்னைச் சைக்கிள் பாரில் தூக்கிப் போட்டுக்கொண்டு டிஸ்பென்சரிக்கு மிதித்தார்.

அங்கேயிருந்த டொக்டர் என் நெஞ்சை அமுக்கினார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "ஐயா, உங்கட சேர்ட்டைக் கொஞ்சம் தூக்குங்க."

அப்பா விளங்காமல் தூக்கினார். டொக்டர் அதே இடத்தில் விரலை வைத்தார்.

"உங்களுக்கும் அதே முள்ளுத்தான் நிக்குது. பரம்பரையா மணலை சாப்பிடுற குடும்பம் போல."

வரிசையில் இருந்த அவ்வளவு பேரும் சிரித்தார்கள். அப்பா என்னை மறுபடி சைக்கிள் பாரில் ஏற்றினார். வீட்டு வாசற் படலையில் இறக்கிவிட்டுச் சொன்னார்.

"இனி உன்ட வாயில எலும்பெண்ட சொல்லு வந்தா, உள்ள எலும்பெல்லாத்தையும் நான் எண்ணிக் காட்டுவன்."

அன்றைக்கு எனக்கு 'எலும்பு விசர்', எலும்புப் பைத்தியம், என்று பெயர் விழுந்தது. கோயில் பாட்டுக் குழுவிலிருந்து தேத்தண்ணிக் கடை வரைக்கும் அந்தப் பெயர் போனது. நானும் அதை விரும்பித்தான் சுமந்தேன். சிரிக்கவைக்கிறவனுக்கு எங்கேயும் ஒரு இடம் கிடைக்கும். அவன் சொல்வதைக் கேட்கிற காதுதான் கிடைக்காது. அது அப்போது விளங்கவில்லை.

ஒரு காலை நான் வீட்டு வேலைக்குக் குவித்திருந்த மணலில் ஏறி இருந்தேன். அக்கா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு முதுகைக் காட்டியபடி குனிந்திருந்தாள். வலப்பக்கத்துத் தோட்பட்டை மட்டும் சட்டைக்கு மேலால் எழும்பி நின்றது, உள்ளே ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைத்த மாதிரி. இடப்பக்கம் தட்டை.

"அக்கா, அப்படியே நில்லு. நிமிராத."

"ஏன், பாம்பா?"

"இல்ல. உன்ட முதுகு ஒரு பக்கம் ஒசந்து கிடக்கு."

அக்கா சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் குசினிப் பக்கம் பார்த்தாள்.

"மெல்லக் கதை. எனக்குத் தெரியும். பின்னல் நடுவில விழுகுதில்ல. பாவாடையும் ஒரு பக்கம் இழுக்குது."

"அம்மாட்டச் சொன்னியா?"

"சொன்னன். கூனிக் கூனிப் படிச்சா அப்படித்தான், நிமிந்து நட எண்டா."

"நிமிந்து பாரன்."

"நிமிந்தாலும் அது அங்கதான் நிக்குது."

என்னை வாழைகளின் பின்னே கூட்டிக்கொண்டு போனாள். "உனக்குத்தான் எலும்பு தெரியுமே. எண்ணிப் பார்" என்றாள். பகிடிக்குச் சொல்லவில்லை. அதுவரைக்கும் என் எலும்பறிவை நம்பியவள் அவள் ஒருத்திதான்.

கழுத்து முடிச்சிலிருந்து, அதுதான் என் கொம்பு, விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினேன். விரல் நேரே இறங்கவில்லை. வலப்பக்கம் ஒதுங்கிப் போய், இடுப்புக்குக் கிட்ட இடப்பக்கம் திரும்பியது, மணல் மேட்டைச் சுற்றிப் போகிற தோணி மாதிரி.

"என்ன, பேசாம நிக்கிறாய்?"

"நேராப் போகுதில்ல அக்கா. எலும்புக்கூட்டில நேராத்தான் இருக்கு."

"அது செத்தது" என்றாள் அக்கா. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "சேரிட்டக் கேளு. என்ட பேரைச் சொல்லாத" என்றாள்.

கேட்டேன். "சேர், உயிரோட இருக்கிற ஆளுக்கு முள்ளந்தண்டு வளைஞ்சு இருக்குமா?"

சேருக்கு மகிழ்ச்சி. "நல்ல கேள்வி. ஓம், வளைஞ்சுதான் இருக்கவேணும். கழுத்தில முன்னுக்கு, நெஞ்சில பின்னுக்கு, இடுப்பில திரும்ப முன்னுக்கு. இல்லாட்டி நடக்கேக்க மூளை குலுங்கும்." சொல்லிக்கொண்டே கொக்கியில் தொங்கிய எலும்புக்கூட்டைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினார். அழகாக வளைந்துதான் இருந்தது. அவர் அதைத் திருப்பினார் என்பதை நான் யோசிக்கவில்லை. அவர் காட்டியது முன்னும் பின்னுமான வளைவு. என் விரல் கண்டது இடமும் வலமும். என்னிடம் அதைக் கேட்க அவருக்குக் காரணமில்லை. அவரிடம் அதைச் சொல்ல எனக்கு அறிவில்லை.

வீட்டுக்கு ஓடிவந்து, "எல்லாருக்கும் வளைஞ்சுதானாம்!" என்று கத்தினேன். அக்காவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்ன சொல்ல. தனக்கு வைத்திருந்த எள்ளுருண்டையை முழுதாக என் கையில் தந்தாள். கொம்புக்கும் வாலுக்கும் மணலை முள்ளுக்கும் உயிரை விட நின்ற நான், பயப்படவேண்டிய ஒரே ஒரு சங்கதிக்கு எள்ளுருண்டை தின்றேன்.

அந்த ஆறுதல் வெள்ளைச் சட்டை தைக்கும் வரைக்கும் நின்றது. முன்வாசலுக்குக் கதவு நிலை வைக்கிற நாளில் வீட்டுக்குரிய பிள்ளை புதுச் சட்டையோடு நிற்கவேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. தையல் மாமி வந்து அளந்தார். தைத்துக்கொண்டு வந்து போட்டுப் பார்த்தால், கீழ் விளிம்பு ஒரு பக்கம் மேலே ஏறி நிற்கிறது.

"துணி இழுத்துக் கிடக்குகா" என்றார் மாமி. இறக்கமான பக்கத்தை வெட்டிச் சமமாக்கினார். விளிம்பு நேராகிவிட்டது. எல்லாருக்கும் நிம்மதி.

வந்துபோகிற பெண்கள் அக்காவைப் பார்த்து, "என்ன அடக்கம் பாருங்க, தோளை ஒடுக்கித் தலையைச் சரிச்சுக்கொண்டு" என்று புகழ்வார்கள். அம்மாவின் முகம் மலரும். அவர்கள் படலையைத் தாண்டியதும் அக்காவின் முதுகில் ஒரு தட்டு விழும்: "நிமிந்து நில்லு புள்ள!"

நிலை வைக்கிற நாளும் வந்தது. முதிரை மரத்தில் செய்த கனத்த நிலை. பங்குச் சுவாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். சொந்தக்காரர், கந்தோர் ஆட்கள் என்று வளவு நிறைந்த சனம். நாலு பேர் நிலையைத் தூக்கி நிறுத்த, காக்கா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூக்குக்குண்டைப் பிடித்தார். அப்பா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

"ஒரு மயிர் விலகல்ல ஐயா" என்றார் காக்கா.

எல்லாரும் கைதட்டினார்கள். அம்மா அக்காவைக் கூப்பிட்டு நிலைக்குள் நிற்கச் சொன்னார். வாவியைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெள்ளைச் சட்டையில் அக்கா நின்றாள். இரண்டு பக்கமும் நேரான மரம். நடுவே அவள். அப்போதுதான் கண்டேன். மரத்துக்கும் அவளுக்கும் இடையே இடப்பக்கத்தில் ஒரு வெளிச்சம், வலப்பக்கத்தில் இன்னொரு வெளிச்சம். இரண்டும் ஒரே மாதிரி இல்லை. ஒரு தோள் கீழே. இடுப்பு ஒரு பக்கம். நிலை இல்லாதபோது தெரியாத கோணல், நிலைக்குள் நின்றதும் பளிச்சென்று தெரிந்தது.

என் கால் என்னைக் கேட்காமல் போனது. காக்கா கீழே வைத்திருந்த குண்டை எடுத்தேன். அக்காவின் கழுத்து முடிச்சில் நூலை வைத்து விட்டேன். குண்டு ஆடியது. அடங்கியது. முதுகின் நடுவில் நிற்கவேண்டியது, இடப்பக்கம் மூன்று விரல் விலகி நின்றது.

"அப்பா! அக்கா கோணல்! நூல் விலகுது, அக்காட முள்ளந்தண்டு கோணல்!"

நான் சொன்ன விதம் அப்படி. மணலை முள்ளுக்குக் கத்தின அதே தொண்டை. பிறகு யாரோ, "எலும்பு விசர் தொடங்கிட்டான்!" என்றார். வளவே சிரித்தது. காக்கா என் கையிலிருந்து நூலை வாங்கி, "மனே, இது சுவருக்கு. புள்ளைக்குப் பிடிச்சா அது ஆடத்தான் செய்யும்" என்று தலையைத் தடவினார். அப்பா தடவவில்லை. கன்னத்தில் ஒன்று விழுந்தது.

"வீடு கட்டுற நாளில கோணலெண்டு வாய்வைக்கிறியா?"

அக்கா திரும்பினாள். முதுகை நிலையோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அதன்பிறகு ஆட்கள் இருக்கிற இடத்தில் அவள் யாருக்கும் முதுகைக் காட்டியதை நான் பார்க்கவில்லை.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். அம்மா. குண்டு நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், காக்கா அதைச் சுருட்டிப் பைக்குள் போட்ட பிறகும். பிறகு, "வெயிலுக்க நிக்காத புள்ள, உள்ளுக்க வா" என்று அக்காவின் தோளில் துவாய்த் துண்டைப் போர்த்திக் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பார்வையின் பொருள் எனக்குத் தெரிய அம்மா சாகவேண்டியிருந்தது. செத்த வீட்டில் தையல் மாமி என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"நிலை வைச்சதுக்கு அடுத்த நாளே உங்க அம்மா என்னட்ட வந்தவ தம்பி. சட்டைக்குள்ள இறங்கின தோளுக்குப் பஞ்சு வைச்சுத் தைக்கச் சொன்னா. ஆருக்கும் சொல்லாத, குமர்ப்பிள்ள எண்டா. அழுதுகொண்டுதான் சொன்னா."

அம்மா நம்பினார். ஊரில் என்னை நம்பிய இரண்டாவது ஆள். நம்பித்தான் பஞ்சு வைத்தார். டொக்டரிடம் கொண்டுபோனால் வரிசையில் நாலு பேர் பார்ப்பார்கள். நாலு பேர் பார்த்தால் மாப்பிள்ளை வீட்டுக்குக் கதை போகும். இதற்காக அவரைக் கோபிக்க எத்தனையோ தரம் முயன்றேன். ஒவ்வொரு தரமும் அந்தத் துவாய்தான் கண்ணில் வரும்.

மாப்பிள்ளை வந்தார். எங்கள் அத்தான் நல்ல மனிதர். கலியாணம் முடிந்து கொஞ்ச நாளில், வாவிக்கரையில் வலை காய்வதைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்: "பொம்பிள பாக்க வந்த அண்டைக்கே எனக்குத் தெரியும் மச்சான். தேத்தண்ணி வைக்கக் குனிஞ்சவதானே. அதுக்கென்ன, நான் முதுகையா கட்ட வந்தனான்? ஆனா ஒண்டு கேக்கிறன், ஏன் ஒருத்தரும் டொக்டரிட்டக் காட்டல்ல?"

அத்தான் அந்தக் கெட்ட சண்டைக் காலத்திலும், பாதைகள் மூடியும் திறந்தும் கிடந்த நாட்களில், அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வளர்ந்து முடிந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இடையில் ஊர் ஓடியது, திரும்பி வந்தது, வீட்டின் கூரை போனது, மறுபடி போட்டோம். பள்ளிக்கூடத்து எலும்புக்கூடு அலுமாரியோடு காணாமல் போனது. காக்காவின் பித்தளைக் குண்டு எங்கே போனதோ. நிலை மட்டும் அசையவில்லை.

இப்போது அக்காவுக்குப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. போன மாதம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எக்ஸ்ரே அறைக்குள் அவள் நிமிர்ந்து நடந்து போனாள். வெளியே நின்ற எனக்குத்தான் கண் இருட்டியது. தாதி என்னை நோயாளி என்று நினைத்துக் கதிரையும் தண்ணீரும் தந்தாள். அக்கா வெளியே வந்து என்னைப் பார்த்து, "மணலை சாப்பிட்டியோ?" என்றாள்.

டொக்டர் சின்னப் பெண். படத்தை வெளிச்சத்தில் வைத்தாள். பன்னிரண்டு வயதில் என் விரல் போன பாதை வெள்ளையாகத் தெரிந்தது. வலப்பக்கம் ஒதுங்கி, இடப்பக்கம் திரும்பி. ஒரு பக்கத்து விலா எலும்புகள் நெருங்கிக் கிடந்தன, உள்ளே மூச்சுக்கு இடம் விடாமல்.

"வளர்ற வயசில கண்டிருந்தா, முதுகுக்குப் பட்டி போட்டு வளைவு கூடாமலாவது மறிச்சிருக்கலாம். அந்த நேரம் வீட்டில ஒருத்தரும் கவனிக்கல்லையா அம்மா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"கவனிச்சவர் ஒருத்தர் இருந்தவர் டொக்டர். அவருக்கு எலும்பு விசரெண்டு விட்டுட்டம்."

டொக்டர் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். வாழ்க்கை முழுக்க ஆட்களைச் சிரிக்கவைத்துப் பிழைத்தவன் நான். அந்த அறையில் எனக்கு மட்டும் சிரிக்கத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா வாசலில் நின்றாள். உள்ளே போவதற்கு முன் நிலையில் சாய்ந்து மூச்சு எடுப்பது அவளுக்கு எத்தனையோ வருடத்துப் பழக்கம். அப்போதுதான் பார்த்தேன். நிலையின் ஒரு பக்கம், அவளுடைய இறங்கின தோள் முட்டும் உயரத்தில், பெயின்ற் முழுதாகத் தேய்ந்து முதிரை பளபளத்தது. மற்றப் பக்கம் அடித்த பெயின்ற் அடித்தபடி.

திருநாளுக்கு முன் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க அக்காவின் மகன், என் மருமகன், அங்கே வாளியும் கையுமாக நின்றான். நிலையின் தேய்ந்த இடத்து ஓரத்தைத் தடவிப் பார்த்து, "இதில ரெண்டு தரம் அடிக்கவேணும் அம்மா" என்றான்.

அக்கா தோளை எடுக்கவில்லை.

"மற்ற எல்லா இடத்திலயும் அடி மனே. இதில மட்டும் அடிக்காத. வழுக்கும்."